சொல் நீங்கிய பாடல்: ஜாஸ் இசைத்தட்டுகள் சிலவற்றைக் குறித்து

கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், ஆவியோடு பாடுதலும் கருத்தோடு பாடுதலும் ஒன்றாய் அமைதல் வேண்டும் எனப் பவுல் வற்புறுத்துகிறார். அந்நிய பாஷையைப் பற்றிய விவாதத்தினிடையே அவர் உவமையாக எடுத்துக்கொள்வது உயிரற்ற இசைக்கருவிகளை. கருவியின் ஒலிகளில் வேறுபாடு தெளியாவிடில் கேட்போனுக்கு அதனால் பயன் யாது என்பது அவர் வினா. இவ்வினாவை உவமையினின்று விடுவித்து, இசைக்கருவிகளிடமே நேராகக் கேட்டுப் பார்க்க நாம் விரும்புகிறோம். ஞானப்பாட்டு ஒன்றின் சொற்களை முற்றும் நீக்கிவிட்டு மெட்டினை மட்டும் ஒருவர் வாசிப்பாராயின், அங்கே கருத்து எங்கே தங்குகிறது? வாசிப்பவர் விரலிலா, கேட்பவர் நினைவிலா? அன்றி, அது ஆவியோடு மட்டும் நின்றுவிடுகிறதா?

ஜாஸ் இசைக்கலைஞர் இருவர் வெளியிட்ட இரு இசைத்தட்டுகளும், அவர்களுக்கு இரு தலைமுறை இளையவரான ஒருவர் வெளியிட்ட சிலவும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. அவற்றையே ஈண்டு நோக்குவோம்.

ஜாஸ் என்பது மதுக்கூடத்து இசை. தேவாலயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் பழமையானது. அது நம் நாட்டுச் சபைகளுக்கு மட்டும் உரிய எண்ணமன்று. பியானோக் கலைஞர் ஹாங்க் ஜோன்ஸ் 1918ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரில் பிறந்து, மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக்கில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் பாப்டிஸ்ட் சபையின் டீக்கன். ஜாஸ் இசையை அவர் விரும்பியதில்லை. ஆயினும் அவ்வில்லத்திலிருந்தே ஜாஸ் உலகின் முதல் வரிசையில் வைத்தெண்ணத்தக்க மூவர் வந்தனர்: மூத்தவர் ஹாங்க், எக்காளக் கலைஞர் தாட், டிரம்ஸ் கலைஞர் எல்வின். டீக்கனாரின் மறுப்பு முழுவதும் வெற்றி பெற்றிருப்பின் இசையுலகம் எவ்வளவு இழந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவர்களுள் இளையவரான எல்வின், ஜான் கோல்ட்ரேன் 1964ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிப்பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தார். நான்கு பகுதிகள் கொண்ட அப்படைப்பின் இறுதிப் பகுதிக்குச் ‘சங்கீதம்’ எனப் பொருள்படும் ‘சாம்’ என்பது பெயர். கோல்ட்ரேன் கடவுளை நோக்கி எழுதிய நீண்ட ஜெபமொன்று இசைத்தட்டின் உறையில் அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பகுதியைக் கேட்போமாயின், சாக்ஸபோன் அந்த ஜெபத்தின் சொற்களைச் சொல்லுக்குச் சொல், அசைக்கு அசை பின்தொடர்வதை உணரலாம். பாடகர் எவரும் இல்லை. ஆயினும் சொல் அங்கே மறைந்திருக்கிறது. கருத்து எங்கே தங்குகிறது என்னும் வினாவுக்கு இஃது ஒரு விடை. கருத்தை உறையில் அச்சிட்டு, ஓசையை மட்டும் கருவியிடம் ஒப்படைத்தார் கோல்ட்ரேன்.

மூத்த சகோதரர் ஹாங்க் ஜோன்ஸ் தந்த விடை வேறு. 1994ஆம் ஆண்டு மொன்றியல் நகரில் டபுள் பேஸ் கலைஞர் சார்லி ஹேடனுடன் இணைந்து அவர் ஒலிப்பதிவு செய்து, 1995இல் வெளிவந்த இசைத்தட்டு ‘ஸ்டீல் அவே’. பியானோவும் பேஸும் மட்டுமே. வேறு கருவி இல்லை, குரல் இல்லை. பதினான்கு உருப்படிகள். பெரும்பான்மையானவை அமெரிக்கக் கறுப்பின அடிமை மக்களிடையே பிறந்த ‘ஸ்பிரிச்சுவல்’ பாடல்கள். இப்பாடல்களை உலகறியச் செய்தோர் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்வி நிறுவனத்தின் ஜூபிலி பாடகர்கள் என்பதை வாசகர் அறிவர். தங்கள் கல்விக்கூடத்துக்குப் பொருள் திரட்டும்பொருட்டு 1871இல் அவர்கள் பயணம் புறப்பட்டனர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஆறாண்டுகளே கடந்திருந்த காலம் அது. ‘ஸ்டீல் அவே’, ‘சுவிங் லோ’ முதலியன அன்று அவர்கள் மேடையேற்றிய பாடல்களே.

இவற்றை ஜோன்ஸும் ஹேடனும் எங்ஙனம் வாசிக்கின்றனர்? ஜாஸ் கலைஞர் மெட்டொன்றை எடுத்துக்கொள்வது, பெரும்பாலும் அதைவிட்டு நெடுந்தூரம் செல்வதற்காகவே. நம் கருநாடக இசையில் மனோதர்மம் எனப்படுவதற்கு நெருங்கிய ஒன்று அங்கே தலைமை பெறுகிறது. இவ்விசைத்தட்டிலோ, மெட்டு ஏறத்தாழச் சபையில் பாடப்படுவது போலவே முதலில் வருகிறது. பின்னர்ச் சிறிதளவு கற்பனை. மீண்டும் மெட்டு, அத்துடன் முடிவு. ஜோன்ஸ் தம் திறமையை மெட்டின் கீழேயுள்ள ஒத்திசையில் ஒளித்து வைக்கிறார். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் எதிர்பாராத ஓர் இணைப்புச் சுரம் இடக்கையில் தோன்றி, அடுத்த கணமே பழகிய வழிக்குத் திரும்பிவிடுகிறது. ஹேடன் சுரங்களை மிகச் சிக்கனமாகவே செலவிடுகிறார். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது முற்றிலும் அடங்கும்வரை காத்திருக்கிறார்.

இத்தகைய எளிமையைக் கண்டு, இது விருந்து வேளையில் பின்னணியாக ஒலிக்கத்தக்க இசை. இதில் ஜாஸ் எங்கே எனக் கேட்போர் உண்டு. கேள்வியைத் தள்ளிவிட இயலாது. ஆனால் எளிமை வேறு, இயலாமை வேறு. ஹேடன் 1959ஆம் ஆண்டு ஆர்னெட் கோல்மன் குழுவில் இருந்து, ஜாஸ் இலக்கணத்தையே உடைத்த ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ என்னும் இசைத்தட்டில் வாசித்தவர். ஜோன்ஸ் சார்லி பார்க்கருடன் வாசித்தவர். எல்லா ஃபிட்ஜெரால்டு பாடுகையில் பல்லாண்டுகள் பக்கம் அமர்ந்தவர். பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர் கற்கும் முதற்பாடம், பாடகர் வாய் திறக்கும்போது விலகி நிற்றல். ‘ஸ்டீல் அவே’யில் பாடகர் இல்லை, எனினும் ஜோன்ஸ் பாடகருக்கு இடம் விட்டே வாசிக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர் கேட்பவர்.

ஹேடனின் வாழ்க்கையிலும் இதற்குரிய காரணம் ஒன்று உண்டு. அவர் அயோவா மாநிலத்தில், வானொலியில் நாட்டுப்புறப் பாடல் பாடிய குடும்பமொன்றில் 1937இல் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னரே குடும்பத்தாருடன் வானொலியில் பாடத் தொடங்கினார். பதினைந்தாம் வயதில் இளம்பிள்ளைவாதம் குரல் நரம்புகளைத் தாக்கியதால் பாடும் குரலை இழந்தார். பேஸ் வாத்தியமே அதன்பின் அவருக்குக் குரலாயிற்று. பாடத் தெரிந்தும் பாட இயலாத ஒருவருடைய வாசிப்பு இது என்பதை அறிந்து கேட்குமிடத்து, ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் எ மதர்லெஸ் சைல்ட்’ மெட்டின் கீழே அவர் காக்கும் மௌனம் வேறொரு பொருளைப் பெறுகிறது.

இவர் அரசியலைத் துறந்த பக்தர் என எவரும் கருதற்க. 1969இல் அவர் அமைத்த ‘லிபரேஷன் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ரா’வின் முதல் இசைத்தட்டு ‘வீ ஷல் ஓவர்கம்’ மெட்டுடனேயே முடிந்தது. 1971இல் போர்ச்சுகலில், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலை இயக்கங்களுக்குத் தம் பாடலொன்றைக் காணிக்கையாக்கியதற்காக அந்நாட்டுக் காவல்துறையினரால் அவர் கைது செய்யப்பட்டார். அதே ‘வீ ஷல் ஓவர்கம்’ ‘ஸ்டீல் அவே’யில், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, மீண்டும் வருகிறது. முன்னையது ஊர்வலத்தின் வாசிப்பு. பின்னையது, ஊர்வலம் கலைந்து வீடு திரும்பிய பின் ஒருவர் தமக்குத்தாமே முணுமுணுப்பது போன்றது. இரண்டில் எது உண்மைக்கு அணித்தானது என்று நம்மால் முடிவு செய்ய இயலவில்லை. பின்னையதே நம் நெஞ்சில் நெடுநேரம் நிற்கிறது.

இசைத்தட்டின் முடிவில் ஞானப்பாட்டுத் தொகுதி ஒன்று அமைந்துள்ளது: ‘அபைட் வித் மீ’, ‘ஜஸ்ட் அஸ் ஐ ஆம்’, ‘வாட் எ ஃபிரெண்ட் வீ ஹாவ் இன் ஜீசஸ்’, ‘அமேசிங் கிரேஸ்’. நம் சபைகளில் இவற்றைத் தமிழ் மொழிபெயர்ப்பில் பாடி வளர்ந்தோருக்கு, ஜோன்ஸ் வாசிக்க, தமிழ்ச் சொற்களே நாவில் எழும். மிசிசிப்பியில் பிறந்தவருடைய விரலும் நம் நாட்டுச் சபையாருடைய நாவும் இங்ஙனம் சந்திப்பது சிந்திக்கத்தக்கது. அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நம் நினைவில் இல்லாத ஸ்பிரிச்சுவல் பாடல்களுக்கு நாம் எந்தச் சொல்லை இட்டு நிரப்புவோம்? விற்கப்பட்ட பிள்ளைகளையும் பிரிக்கப்பட்ட தாய்மாரையும் பற்றி அறியாதவர், அம்மெட்டின் இனிமையை மட்டும் சுவைத்துச் சென்றுவிடலாம். கருத்தைக் கேட்பவரிடமே விட்டுவிடும் இசை, கேட்பவர் அறியாமைக்கும் தன்னை ஒப்புக்கொடுத்து விடுகிறது. ஜேம்ஸ் கோன் 1972இல் வெளியிட்ட ‘தி ஸ்பிரிச்சுவல்ஸ் அண்டு த புளூஸ்’ நூலைப் பயின்ற மாணவர் கேட்கும் ‘கோ டவுன் மோசஸ்’ வேறு. பயிலாதவர் கேட்பது வேறு.

‘அமேசிங் கிரேஸ்’ ஈற்றில் வைக்கப்பட்டிருப்பதையும் நாம் கடந்து செல்ல இயலாது. அதனை எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்தவர். பின்னர்ச் சபைக் குருவாகி, 1779இல் வெளிவந்த ஓல்னி பாடல் நூலில் இப்பாட்டைச் சேர்த்தார். அடிமை வாணிபத்தைக் கண்டித்து வெளிப்படையாக எழுதியது 1788இல்தான். அடிமைகளின் பாடல்கள் நிறைந்த ஓர் இசைத்தட்டு, அடிமைகளை ஏற்றிச் சென்றவரின் பாட்டோடு முடிகிறது. அதை வாசிப்பவர் கறுப்பினக் கலைஞர். ஜோன்ஸ் இதனை எவ்வித ஆர்ப்பாட்டமும் இன்றி, முன்னைய மூன்றையும் வாசித்த அதே மென்மையோடு வாசிக்கிறார். இது மன்னிப்பா, மறதியா, கலைஞரின் நடுநிலையா? சொல் இருந்திருப்பின் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மெட்டு மட்டும் இருப்பதால் வினா திறந்தே நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ‘டேனி பாய்’ என்னும் அயர்லாந்து மெட்டும் பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்றும் இடையே புகுந்திருப்பதன் காரணம் நமக்கு விளங்கவில்லை. அழகாகவே வாசிக்கப்பட்டுள்ளன, ஆனால் இவ்வில்லத்தில் அவை விருந்தினரே. ஹேடனின் மைந்தர் ஜாஷ் இயற்றிய ‘ஸ்பிரிச்சுவல்’ என்னும் புதிய பாடலோ, பழையவற்றிடையே வேற்றுமை தோன்றாமல் அமர்ந்துகொள்கிறது.

இவ்விருவரும் 2010ஆம் ஆண்டு மீண்டும் கூடி ஒலிப்பதிவு செய்தது ‘கம் சண்டே’. ஜோன்ஸுக்கு அப்போது வயது 91. அவ்வாண்டு மே மாதம் அவர் மறைந்தார். இசைத்தட்டு 2012இல் வெளிவந்தது. ஹேடனும் 2014இல் மறைந்தார். இதில் ஸ்பிரிச்சுவல் பாடல்கள் குறைந்து, நற்செய்திக் கூட்டங்களின் பாடல்கள் மிகுந்துள்ளன. கிறிஸ்துமஸ் பாடல்கள் இரண்டும் உள்ளன. முன்னையதற்கு இது நிகராகாது என்பதே நம் கருத்து. ‘பிரிங்கிங் இன் த ஷீவ்ஸ்’ போன்ற பாடல்களின் ஒத்திசை இயல்பிலேயே மெலிந்தது. ஜோன்ஸின் நுண்மைக்கு அங்கே பிடிமானம் போதவில்லை. ஆனால் முதற்பாடலாகிய ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்டு’ தனியே நிற்கிறது. தாமஸ் டார்சி 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருங்கே இழந்த வேளையில் இயற்றிய பாடல் இது. அதற்கு முன் அவர் புளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். மதுக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையிலிருந்த சுவரில் அவர் திறந்த வாயிலைத்தான் ஜோன்ஸின் தந்தையார் அடைத்துவைக்க முயன்றார் போலும். ‘வேர் யூ தேர்’ வாசிக்கப்படும் விதமும் குறிப்பிடத்தக்கது. சிலுவையைப் பற்றிய வினாவாகிய அப்பாடலை, விடை கூறும் அவசரமின்றி, வினாவாகவே இருவரும் விட்டுவிடுகின்றனர்.

இனி இளையவரிடம் வருவோம். இம்மானுவேல் வில்கின்ஸ் 1997இல் பிறந்து, பிலடெல்பியாவை அடுத்த அப்பர் டார்பியில், தேவாலய இசையிலேயே வளர்ந்த ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர். அவருடைய முதல் இசைத்தட்டு ‘ஒமேகா’ 2020இல் வெளிவந்தது. பியானோவில் மைக்கா தாமஸ், பேஸில் டேரில் ஜான்ஸ், டிரம்ஸில் குவேகு சம்ப்ரி. இதில் பழகிய ஞானப்பாட்டு எதுவும் இல்லை. கேட்பவர் நினைவை நம்பி வாசிக்கும் வசதி வில்கின்ஸுக்கு இல்லை. ஆகவே அவர் தலைப்புகளை நம்புகிறார். ஒரு பகுதியின் தலைப்பு ‘மேரி டர்னர் – ஓர் அமெரிக்க மரபு’ எனப் பொருள்படுவது. 1918ஆம் ஆண்டு மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தில், தம் கணவரைக் கொன்ற கும்பலுக்கு எதிராக வாய் திறந்தமைக்காக, நிறைசூலியாயிருந்த மேரி டர்னர் கருவிலிருந்த சிசுவோடு கொல்லப்பட்டார். (அதே ஆண்டு ஜூலையில் ஹாங்க் ஜோன்ஸ் பிறந்தார் என்பதை நினைவிற்கொள்ளின், ‘ஸ்டீல் அவே’யின் மென்மையையும் நாம் வேறு செவியோடு கேட்போம்.) வில்கின்ஸின் சாக்ஸபோன் இங்கே பாடவில்லை, அலறுகிறது. இசை என்னும் எல்லையை அது தாண்டும் இடங்கள் உண்டு. இனிமை தேடுவோர் எழுந்து போய்விடுவர். சங்கீதப் புத்தகத்தின் புலம்பல்களையும் நாம் ஆராதனையில் தவிர்த்துவிட்டே பழகியுள்ளோம் அன்றோ?

அடுத்து வரும் ‘கிரேஸ் அண்டு மெர்சி’ அமைதியானது. அலறலை அடுத்துக் கிருபையையும் இரக்கத்தையும் வைத்த வரிசைமுறை, இவ்விளைஞர் தேவாலயத்தில் கற்றுக்கொண்டது எதுவென்பதை உணர்த்துகிறது. ஆயினும் நாம் முன் கேட்ட வினா இங்கே கூர்மையாகிறது. தலைப்பை நீக்கிவிட்டுக் கேட்பின், அவ்வலறல் மேரி டர்னருக்கானது என அறிய வழியில்லை. கருவி துயரத்தைக் கூறும். துயருற்றவரின் பெயரைக் கூறாது. கோல்ட்ரேனுக்கு உறையிலிருந்த ஜெபம் எத்தகையதோ, வில்கின்ஸுக்குத் தலைப்பும் அத்தகையதே.

2022இல் வந்த ‘த செவன்த் ஹேண்ட்’ அவருடைய இறையியல் முயற்சி எனலாம். ஏழு பகுதிகள் கொண்ட தொடர்ப்படைப்பு. ஆறு என்பது மனிதனால் இயலும் எல்லை. ஏழாவதில் கலைஞர் நால்வரும் தம்மை வெறுமையாக்கி, மேலிருந்து வருவதற்குப் பாத்திரமாக வேண்டும் என்பது அதன் கருத்து. எனவே முதல் ஆறு பகுதிகள் இயற்றப்பட்டவை. ஏழாவதாகிய ‘லிஃப்ட்’ எழுதி வைக்கப்படாமல் அவ்வேளையிலேயே பிறப்பது. இருபத்தாறு நிமிடங்கள் நீள்கிறது.

பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தைப் பயின்ற நம் மாணவர்கள் இக்கருத்தில் ஆர்வம் கொள்வர். ஆனால் இங்கு ஒரு சிக்கல் உண்டு. குறிப்பு எழுதாமல் வாசிப்பதனால் மட்டும் ஒருவர் வெறுமையாகிவிடுவதில்லை. குறிப்பின்றி அருளுரையாற்றும் போதகர் அனைவரும் ஆவியானவரால் பேசுகின்றனர் என்று நாம் கொள்வதில்லையே. ‘லிஃப்ட்’ பகுதியில் நால்வரும் ஒருவரையொருவர் செவிமடுத்து எழும் இடங்கள் மெய்சிலிர்க்கச் செய்கின்றன. அங்கே எவர் முன்செல்கிறார் என்று சொல்லவே முடியாது. வேறு இடங்களில், பயிற்சியும் பழக்கமுமே கைகளை இயக்குகின்றன என நமக்குத் தோன்றியது. மாறாக, மூன்றாம் பகுதியாகிய ‘ஃபியூஜிட்டிவ் ரிச்சுவல், சேலா’ முன்னரே இயற்றப்பட்டதாயினும், ஏழாவது பகுதி நாடியதை எளிதில் எய்திவிடுகிறது. அதன் தலைப்பிலுள்ள ‘சேலா’ என்னும் எபிரெயச் சொல்லின் பொருள் அறிஞரிடையே இன்னும் உறுதிப்படவில்லை. இசையில் ஓர் இடைநிறுத்தத்தைக் குறிக்கலாம் என்பர் சிலர். நால்வரும் தாழ்ந்த குரலில், சபையார் எழுந்து போனபின் வெறும் கோயிலில் வாசிப்பதுபோல் வாசிக்கின்றனர். வில்கின்ஸ் இங்கே ஹேடனுக்கு அருகில் வருகிறார்.

மூன்றாவது இசைத்தட்டாகிய ‘புளூஸ் பிளட்’ 2024இல் வெளிவந்தபோது, வில்கின்ஸ் சொல்லை மீண்டும் அழைத்துக்கொண்டார். 1964இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் காவலரால் அடிக்கப்பட்ட டேனியல் ஹாம் என்னும் இளைஞர், தம் காயத்தைச் சான்றாகக் காட்டும்பொருட்டுக் கன்றிய இடத்தை அழுத்தி இரத்தம் வரச் செய்ததைத் தம் வாக்குமூலத்தில் விவரித்தார். அவ்விவரிப்பில் கன்றிய இரத்தத்தைக் குறிக்கும் சொல் நாத்தவறிப் ‘புளூஸ்’ என்றாயிற்று. அத்தவறிய சொல்லே இசைத்தட்டின் தலைப்பு. குரலிசைப்போர் பலர் இதில் பங்குகொள்கின்றனர். அவருள் ஒருவர் நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா. முன்னைய இரண்டிலும் தலைப்பு சுமந்த பாரத்தை இங்கே மனிதக் குரல் ஏற்றுக்கொள்கிறது. சாக்ஸபோன் பின்னே நகர்ந்து, ஜோன்ஸ் வாழ்நாளெல்லாம் செய்ததுபோல், பாடுவோர்க்கு வழி விடுகிறது. வாசிப்பின் வேகத்தை விரும்புவோர் இதனை முன்னையவற்றினும் தாழ்த்தி மதிப்பிடக்கூடும். நாம் அவ்வாறு மதிப்பிடவில்லை.

இவற்றுள் ஒன்றை மட்டுமே கல்லூரி நூலகத்துக்கு வாங்க இயலுமாயின் ‘ஸ்டீல் அவே’யை வாங்கலாம். ஆராதனை வகுப்பில் அதன் ஈற்றுத் தொகுதியை ஒலிக்கச் செய்து, மாணவர் மனத்தில் எழுந்த சொற்களை எழுதித் தருமாறு கேட்கலாம். அடுத்த வகுப்பில், தலைப்பைச் சொல்லாமல், ‘ஒமேகா’வின் நான்காம் பகுதியை ஒலிக்கச் செய்து மீண்டும் எழுதச் சொல்லலாம்.